முதல் வைத்தியம் தண்ணீருக்கு

கண்ணாடித் தொட்டியில் வாழும் மீன், தான் கழித்த நீரையே திரும்பத் திரும்பச் செவுளில் வாங்கி உயிர் வாழ்கிறது. ஏரியிலும் ஆற்றிலும் ஒரு மீனின் கழிவு பெருவெள்ளத்தில் கரைந்து போய்விடும். 5 லிட்டர் கிண்ணத்தில் அது எங்கும் போக வழியில்லை. அதனால் நோயுற்ற மீனை மீட்கும் வேலை மீனில் தொடங்குவதில்லை, அது நீந்தும் தண்ணீரில் தொடங்குகிறது. மருந்துப் புட்டியைத் தேடி ஓடுவதற்கு முன் தண்ணீரைச் சோதித்தாலே பாதி மீன்கள் பிழைத்துவிடும் என்பது நெடுநாள் மீன் வளர்ப்பவர்கள் பலரின் அனுபவம்.

கைவிடப்பட்ட மீன்கள் பல வழிகளில் வந்து சேர்கின்றன. பிறந்தநாள் பரிசாக வந்து ஒரு மாதத்தில் அலுத்துப்போன கிண்ணம், வீடு காலி செய்தவர்கள் தூக்கிச் செல்ல முடியாமல் விட்டுப்போன தொட்டி, வாஸ்துக்காக வரவேற்பறையில் வைத்துப் பிறகு கவனிக்க ஆளில்லாமல் பாசி பிடித்த அலுவலகத் தொட்டி என்று பட்டியல் நீளும். சென்னை கொளத்தூரும் அதைச் சுற்றிய பகுதிகளும் நாட்டின் பெரிய வண்ணமீன் சந்தைகளில் ஒன்று. அங்கிருந்து பாலித்தீன் பையில் ஊர் ஊராகப் போகும் மீன்களுக்கு விலை குறைவு. அந்தக் குறைந்த விலையே அவற்றின் உயிரையும் மலிவாக்கிவிடுகிறது. ஐம்பது ரூபாய் மீனுக்கு யார் வைத்தியம் பார்ப்பார்கள் என்ற கேள்வி எங்கும் கேட்கிறது. ஆனால் அந்த மீனின் ஆயுள் விலையைப் பார்த்து அமைவதில்லை. இங்கிலாந்தில் 1956-இல் ஒரு கண்காட்சியில் பரிசாகக் கிடைத்த 'டிஷ்' என்ற தங்கமீன் 1999 வரை, 43 ஆண்டுகள் வாழ்ந்தது. நல்ல நீரில் தங்கமீன் 10 முதல் 20 ஆண்டுகள் வாழ்வது இயல்பு.

மீன் உண்ட புரதத்தின் கழிவு பெரும்பாலும் செவுள் வழியாக அமோனியாவாக வெளியேறுகிறது. தின்னாமல் அடியில் தங்கிய தீனியும் அழுகிய இலையும் அதைக் கூட்டுகின்றன. அமோனியா செவுளின் மெல்லிய சவ்வைப் புண்ணாக்கும். மீன் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், செவுள் சிவக்கும், துடுப்புகளை உடலோடு ஒட்டி மடக்கிக்கொண்டு ஒரு மூலையில் அசையாமல் நிற்கும். இதைப் பார்ப்பவர் பசி என்று நினைத்து இன்னும் ஒரு பிடி தீனி போடுவதும், அது மேலும் அமோனியாவாக மாறுவதும் அன்றாடம் நடக்கிற சோகம்.

இயற்கை இதற்கு ஒரு மாற்று வைத்திருக்கிறது. ஃபில்டரின் ஸ்பாஞ்சிலும் கூழாங்கல்லிலும் ஒட்டி வாழும் ஒருவகை பாக்டீரியாக்கள் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். வேறொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் ஓரளவு தாங்கக்கூடியது. வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போதும். இடையில் நிற்கும் நைட்ரைட் அப்படிப்பட்டதல்ல. அது இரத்தத்தில் புகுந்து, ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைச் செயலிழக்க வைக்கும். அப்போது மீனின் இரத்தமும் செவுளும் பழுப்பாகும். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தும் மீன் மூச்சுத் திணறிச் சாகும். புதிய தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் பெருகி நிலைபெற 4 முதல் 6 வாரம் ஆகிறது. தொட்டி வாங்கிய அன்றே மீனும் வாங்கி விடுபவர்கள் இரண்டாவது வாரத்தில் ஒவ்வொன்றாக மீனை எடுத்துப் போடுவதற்கு இதுவே காரணம்.

மாதக்கணக்கில் யாரும் தொடாத பழைய தொட்டியில் வேறொரு சிக்கல் உண்டு. அதைப் புரிந்துகொள்ளாமல் மீட்கப் போகிறவர் கையாலேயே மீன் சாகும். பாக்டீரியாக்கள் அமோனியாவை மாற்றும்போது தண்ணீரிலுள்ள கார்பனேட் உப்புகளைக் கரைத்துத் தீர்க்கின்றன. அந்த உப்புகள் தீர்ந்ததும் நீர் அமிலமாகிறது. நீரின் அமில-கார அளவான பிஹெச் 6-க்கும் கீழே இறங்குகிறது. அந்த அமில நீரில் பாக்டீரியாக்களின் வேலை ஏறக்குறைய நின்றுபோகும், அமோனியா சேரத் தொடங்கும். ஆனாலும் மீன் சாவதில்லை. அமில நீரில் அமோனியா அவ்வளவாக நஞ்சில்லாத அம்மோனியம் என்ற வடிவில் அடங்கிக் கிடக்கிறது. 25 டிகிரி வெப்பத்தில், பிஹெச் 7 உள்ள நீரில் மொத்த அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருப்பதில்லை. பிஹெச் 8 ஆனால் அது நூற்றுக்கு 5 பங்கைத் தாண்டிவிடும். ஒரு படி ஏறினால் ஏறத்தாழ பத்து மடங்கு.

இப்போது இரக்கமுள்ள ஒருவர் வருகிறார். நாற்றமடிக்கும் தொட்டியைக் காலி செய்து, கல்லையும் ஸ்பாஞ்சையும் குழாயடியில் தேய்த்துக் கழுவி, பளிங்கு போன்ற புதுத் தண்ணீரை நிரப்புகிறார். அடியிலும் நீரிலும் மிச்சமிருந்த அம்மோனியம் புதுநீரின் உயர்ந்த பிஹெச்சில் ஒரே நேரத்தில் நஞ்சாக மாறுகிறது. மீனின் உடலும் அந்தத் திடீர் மாற்றத்தைத் தாங்குவதில்லை. "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, கழுவினதும் செத்துப்போச்சு" என்று சொல்லப்படும் கதைகளில் பல இந்த வகைதான். அழுக்கை நீக்கியது தவறல்ல, ஒரே நாளில் நீக்கியதே தவறு.

எனவே மீட்பவர் கையில் முதலில் இருக்க வேண்டியது வண்ணமீன் கடைகளில் கிடைக்கும் சொட்டு மருந்துச் சோதனைக் கிட். தொட்டி நீரின் பிஹெச், அமோனியா, நைட்ரைட் மூன்றையும் பார்த்து, ஊற்றப்போகும் நீரின் பிஹெச்சையும் பார்க்க வேண்டும். இரண்டு நீரின் பிஹெச்சும் நெருங்கியிருந்து அமோனியா மட்டும் ஏறியிருந்தால் அன்றே பாதி நீரை மாற்றலாம், மாற்றவும் வேண்டும். பிஹெச் வெகுதூரம் விலகியிருந்தால் நாளுக்குப் பத்தில் ஒரு பங்கு வீதம் ஒன்றிரண்டு வாரம் மாற்றி மெதுவாக மேலே கொண்டுவர வேண்டும். பொறுமையற்றவருக்கு இது கடினமான வேலை. ஸ்பாஞ்சை அலசுவதென்றால் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலச வேண்டும். குழாய் நீரின் குளோரின் அதில் வாழும் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும்.

எந்தத் தண்ணீரை ஊற்றுவது என்பதும் சிறிய கேள்வியல்ல. மாநகராட்சிக் குழாய் நீரில் குளோரின் இருக்கும். அது செவுளைச் சுட்டுவிடும். அகலமான பாத்திரத்தில் ஒருநாள் திறந்து வைத்தாலோ, சோடியம் தயோசல்ஃபேட் கலந்த ஆன்டி-குளோரின் சொட்டுகளை விட்டாலோ அது நீங்கும். போர் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாக இருக்கும் என்பதால் வாளியில் பிடித்து ஏர் பம்ப் ஓடவிட்ட பிறகே ஊற்ற வேண்டும். சுத்தமானது என்ற நம்பிக்கையில் சிலர் குடிநீர் கேனைக் கவிழ்க்கிறார்கள். ஆர்ஓ முறையில் வடிகட்டிய அந்த நீரில் பிஹெச்சைத் தாங்கிப் பிடிக்கும் உப்புகள் ஏறக்குறைய இல்லை. கேன் தண்ணீரை மட்டுமே நம்பிய தொட்டி விரைவில் அமிலமாகிவிடும். மனிதருக்குச் சுவையான நீர் மீனுக்கு நல்ல நீர் என்று கொள்ள முடியாது.

தொட்டியை அங்கேயே சீர்செய்ய முடியாதபோது மீனை வேறிடத்துக்கு எடுத்து வர வேண்டியிருக்கும். வலையில் அள்ளுவதைவிடக் கிண்ணத்தில் நீரோடு மொண்டு எடுப்பது நல்லது. மீனின் மேலுள்ள வழுவழுப்பு ஒரு கவசம். வலை அதை உரித்தால் கிருமிக்கு வழி திறக்கும். மூடியுள்ள வாளியில் அதன் பழைய நீரோடு கொண்டுவந்து, புதிய நீரைச் சிறுகுழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக ஓரிரு மணி நேரம் விட்டுப் பழக்க வேண்டும். நெடுந்தூரம் பையில் கட்டி வந்த மீனுக்கு மட்டும் இந்த முறை ஆகாது. கட்டிய பையில் மீனின் மூச்சுக்காற்று கரைந்து நீரை அமிலமாக வைத்திருக்கும். பையைத் திறந்ததும் அது வெளியேறி, பிஹெச் ஏறி, பையிலிருந்த அம்மோனியம் நஞ்சாகத் தொடங்கும். பையை மூடியபடி சிறிது நேரம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமமாக்கி, திறந்த பிறகு தாமதிக்காமல் மீனை மட்டும் மாற்றிவிட வேண்டும்.

மருத்துவத் தொட்டிக்கு ஆடம்பரம் தேவையில்லை. 40 லிட்டர் பிளாஸ்டிக் டப் போதும். அடியில் கல்லோ மணலோ வேண்டாம். வெறும் தரையில்தான் கழிவும் மிச்சத் தீனியும் கண்ணுக்குத் தெரியும். ஏர் பம்ப்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று, ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி குழாய்த் துண்டு, மேலே வலைமூடி, மங்கிய வெளிச்சம் ஆகியவை இருந்தால் நிறைவு. நலமான தொட்டி வைத்திருக்கும் நண்பரிடமிருந்து ஓடிப் பழகிய ஸ்பாஞ்ச் ஒன்றை வாங்கி அதில் போட்டுவிட்டால், ஆறு வாரம் காத்திருக்காமல் பாக்டீரியாக்கள் முதல் நாளே வேலையைத் தொடங்கிவிடும். மீன் மீட்பில் ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய உதவி இந்த அழுக்கு ஸ்பாஞ்ச்தான். கோடையில் காற்றோட்டத்தைக் கூட்ட வேண்டும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரைதான்.

முதல் ஓரிரு நாள் தீனி போடக்கூடாது. மீனுக்கு உடலைச் சூடாக வைத்திருக்கும் செலவு இல்லை. வளர்ந்த மீன் ஒரு வாரம்கூட உணவின்றித் தாங்கும். இத்தனை நாள் பட்டினி கிடந்ததே என்று அள்ளிப் போடும் கைதான் அதற்கு ஆபத்து. மூன்றாம் நாளிலிருந்து சிறிதளவு போட்டு, இரண்டு நிமிடத்தில் தின்னாததை எடுத்துவிட வேண்டும்.

மருந்துகளில் எளியதும் பழையதும் உப்பு. சமையலறையிலுள்ள கல் உப்பை லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் வரை, வேறு பாத்திரத்தில் கரைத்து, ஒரே நேரத்தில் கொட்டாமல் ஓரிரு நாளில் பிரித்துச் சேர்க்கலாம். நன்னீர் மீனின் உடல் சுற்றியுள்ள நீரைவிட உப்பானது. அதனால் நீர் ஓயாமல் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும், மீன் ஓயாமல் அதை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். வெளிநீரில் சிறிது உப்பு சேர்ந்தால் அந்த உழைப்பு குறைந்து, மிச்சமாகும் சக்தி புண் ஆறப் பயன்படும். நைட்ரைட் ஏறிய நீரில் உப்புக்கு இன்னொரு பயனும் உண்டு. நைட்ரைட் செவுளுக்குள் நுழையும் அதே வாசல் வழியாகத்தான் உப்பிலுள்ள குளோரைடும் நுழைகிறது. குளோரைடு மிகுந்தால் நைட்ரைட்டுக்கு இடம் கிடைக்காது. ஆவியான நீருக்கு ஈடாக வெறும் நீரையே ஊற்ற வேண்டும், ஏனென்றால் உப்பு ஆவியாவதில்லை. செதிலில்லாத கெளுத்தி இன மீன்களும் நீர்ச்செடிகளும் உப்பை அவ்வளவாகத் தாங்கமாட்டா.

நோய்களில் வெண்புள்ளி நோயைப் போல அடிக்கடி வருவதும், அதைப் போலத் தவறாகக் கையாளப்படுவதும் வேறில்லை. உடலெங்கும் ரவையைத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் தோன்றும். மீன் கல்லில் உடலைத் தேய்க்கும். ஒவ்வொரு புள்ளியும் தோலுக்கடியில் குடியிருந்து தின்று கொழுக்கும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. அது அங்கே இருக்கும்வரை எந்த மருந்தும் அதைத் தொடாது. கொழுத்ததும் அது உதிர்ந்து அடியில் ஒட்டி, கூடு கட்டி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிளக்கும். குஞ்சுகள் ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும், இல்லையேல் இறந்துவிடும். அவை நீந்தித் திரியும் அந்தக் குறுகிய நேரத்தில்தான் மருந்தும் உப்பும் அவற்றைக் கொல்லும். 25 டிகிரியில் இந்தச் சுற்று ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். குளிர்ந்த நீரில் வாரக்கணக்கில் இழுக்கும். வெப்பம் தாங்கும் மீனென்றால் ஹீட்டர் வைத்து நீரைச் சற்றுச் சூடாக்குவது சுற்றை விரைவுபடுத்தத்தான். மூன்றாம் நாள் புள்ளிகள் மறைந்ததும் பலர் குணமாயிற்று என்று மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். ஒட்டுண்ணி அப்போது தொட்டியின் அடியில் பெருகிக்கொண்டிருக்கிறது. கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரமாவது மருந்து தொடர வேண்டும்.

துடுப்பின் ஓரம் கிழிந்து வெளுத்துக் கரைந்துகொண்டே வருவது துடுப்பழுகல். அழுக்கு நீரில் எப்போதும் இருக்கும் பாக்டீரியாக்கள் தளர்ந்த மீனைத் தாக்குவதால் வருவது அது. தொடக்கத்தில் நல்ல நீரும் உப்புமே அதைக் குணமாக்கிவிடும். மெத்திலீன் புளூ போன்ற நீல மருந்து பூஞ்சைக்கு உதவும், ஆனால் ஃபில்டரின் பாக்டீரியாக்களையும் அழிக்கும்; தனித் தொட்டியில் மட்டுமே பயன்படுத்த வேண்டும். மனிதருக்கு எழுதிக் கொடுத்த ஆன்டிபயாட்டிக் மாத்திரையைப் பொடித்துத் தூவும் வழக்கம் நிறுத்தப்பட வேண்டிய ஒன்று. அளவு தெரியாத மருந்து மீனைக் காப்பதில்லை, மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்த்துச் சாக்கடைக்கு அனுப்புகிறது. மருந்து தேவைப்படும் நிலையில் மீன் நோய் தெரிந்த கால்நடை மருத்துவரையோ, 1977 முதல் தூத்துக்குடியில் இயங்கும் மீன்வளக் கல்லூரி போன்ற நிறுவனங்களில் இருப்பவர்களையோ கேட்பதே சரி.

மீட்கப்படும் மீன்களில் தங்கமீனும் ஃபைட்டரும் அதிகம், இரண்டும் தவறான நம்பிக்கையால் துன்பப்படுபவை. தொட்டியின் அளவுக்கேற்பவே தங்கமீன் வளரும் என்பது முதல் நம்பிக்கை. கிண்ணத்தில் அது வளராமல் நிற்பது கழிவு நீரில் உடல் குன்றுவதால்தான்; இடமும் நல்ல நீரும் கிடைத்தால் சாதாரணத் தங்கமீன் ஒரு அடியை எட்டிப்பிடிக்கும். இத்தாலியின் ரோம் நகரம் 2005-இல் உருண்டைக் கிண்ணத்தில் மீன் வளர்ப்பதைத் தடை செய்தது. உருண்டை உடல்கொண்ட தங்கமீன் தலைகீழாக மிதந்தால் பெரும்பாலும் குடலில் உணவு அடைத்திருக்கும். இரண்டு மூன்று நாள் தீனியை நிறுத்தி, பிறகு தோல் நீக்கி வேகவைத்த பச்சைப் பட்டாணியைக் கொடுத்தால் பல மீன்கள் நிமிர்ந்துவிடும்.

ஃபைட்டர் மீன் டம்ளரில்கூட வாழும் என்பது இரண்டாவது நம்பிக்கை. அதற்குச் செவுளோடு, காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் தனி உறுப்பும் உண்டு. ஏரி வற்றினால் கரையேறி நகரும் நம் பனையேறிக் கெண்டைக்கும் அதே உறுப்புதான் துணை. 1791-இல் தரங்கம்பாடியில் பனைமரத்தின் பட்டையிடுக்கிலிருந்து அந்தக் கெண்டையைப் பிடித்ததாக டால்டோர்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி எழுதியது இன்றும் பேசப்படுகிறது. ஆனால் காற்றைச் சுவாசிக்க முடிவது அமோனியாவிலிருந்து காப்பாற்றாது. ஃபைட்டருக்கும் 15, 20 லிட்டர் நீரும், 24 முதல் 28 டிகிரி வெப்பமும் வேண்டும். டம்ளரில் வெளுத்துச் சுருண்டு கிடந்த ஃபைட்டர் நல்ல நீருக்கு வந்த சில வாரத்தில் நிறம் திரும்பிக் குமிழிக் கூடு கட்டுவதைப் பார்த்தவர் அதை மறப்பதில்லை.

குணமாவதன் அடையாளங்கள் தெளிவானவை. மடங்கிய துடுப்பு விரியும், தீனிக்கு எதிர்கொண்டு வரும், அழுகிய துடுப்பின் விளிம்பில் கண்ணாடி போன்ற புதிய சவ்வு தெரியும். அதன் பிறகும் 4 வாரம் தனித் தொட்டியில் வைத்தே மற்ற மீன்களோடு சேர்க்க வேண்டும். அதுவரை வலை, குழாய், வாளி எல்லாம் தனித்தனி.

எல்லா மீனும் பிழைப்பதில்லை. உடல் ஊதி, செதில்கள் பைன் மரக் காய்போல் நிமிர்ந்து நிற்கும் நிலை சிறுநீரகம் செயலிழந்ததன் அடையாளம். அதிலிருந்து மீள்பவை மிகச் சில. தின்னாமல், நிமிராமல், நாளுக்கு நாள் நலியும் மீனை வேதனையில் வைத்திருப்பது அன்பாகாது. அதை உயிரோடு ஃபிரிட்ஜில் உறைய வைப்பதும் கழிப்பறையில் போடுவதும் கொடுமை. கிராம்பு எண்ணெயிலுள்ள யூஜினால் மீனுக்கு மயக்க மருந்து. சிறிது வெதுவெதுப்பான நீரில் குலுக்கிக் கலக்கி, மீன் இருக்கும் நீரில் முதலில் குறைவாக விட்டு மயங்கச் செய்து, பிறகு அளவைக் கூட்டினால் மீன் நோவின்றி அடங்கும். செவுள் அசைவு நின்ற பிறகும் அரை மணி நேரம் அந்த நீரிலேயே விட்டு வைக்க வேண்டும்.

வளர்க்க முடியாத மீனை ஏரியிலோ கோயில் குளத்திலோ விடுவதைப் பலர் புண்ணியம் என்று நினைக்கிறார்கள். தொட்டியில் பாசி தின்ன வாங்கும் டேங்க் கிளீனர் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. அப்படி விடப்பட்டவை தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நீர்நிலைகளில் பெருகி, கரையைக் குடைந்து முட்டையிட்டு, வலையைக் கிழித்து, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டுள்ளன. நோயுற்ற மீனோடு அதன் நோயும் குளத்தில் இறங்கும். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுப்பதும், பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் ஒப்படைப்பதும் செய்யத்தக்கவை.

இதே கதை சிவப்புக் காது ஆமைக்கும் பொருந்தும். நாணயம் அளவில் விற்கப்படும் அந்த அமெரிக்க ஆமை ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவுக்கு வளரும், இருபது முப்பது ஆண்டு வாழும். ஏறி வெயில் காயக் கல்லில்லாமல், வெறும் காய்ந்த இறால் மட்டும் போட்டு வளர்த்த ஆமையின் ஓடு விரலால் அழுத்தினால் அமுங்கும். சூரியனின் புற ஊதாக் கதிரில்லாமல் அதன் உடல் சுண்ணாம்புச் சத்தை ஏற்பதில்லை. சன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் அந்தக் கதிரை வடிகட்டிவிடும். கண்கள் வீங்கி மூடியிருந்தால் பெரும்பாலும் வைட்டமின் ஏ குறைவு. நேர் வெயில், ஒதுங்க நிழல், கீரை, முழுமீன், கால்சியம் என்று மாதக்கணக்கில் கவனித்தால் ஓடு இறுகும். தொட்ட பிறகு கை கழுவுவது கட்டாயம். இவ்வகைச் சிற்றாமைகளால் குழந்தைகளுக்குச் சால்மோனெல்லா தொற்றியதால் அமெரிக்கா 1975-இல் 4 அங்குலத்துக்குச் சிறிய ஆமைகளின் விற்பனையைத் தடை செய்தது.

நட்சத்திர ஆமையும் பச்சைக்கிளியும் வேறு வகை. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றை வீட்டில் வளர்ப்பதே குற்றம். மீட்டவரும் தம்மிடம் வைத்துக்கொள்ள முடியாது. சிறகு வெட்டிய கிளியை மாடியிலிருந்து பறக்கவிட்டால் அது பூனைக்கோ காக்கைக்கோ இரையாகும். காற்று வர ஓட்டையிட்ட அட்டைப் பெட்டியில் துணி விரித்து வைத்து, வனத்துறைக்குத் தெரிவித்து ஒப்படைக்க வேண்டும். மற்ற வளர்ப்பு உயிர்களுக்கு 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் உண்டு. மனிதர் தவிர்ந்த உயிருள்ள எதுவும் பிராணியே என்கிறது அதன் வரையறை. கிண்ணத்து மீனும் அந்த வரையறைக்குள் அடங்கும்.